மாமா பறித்து வந்த காளான்

சிங்கப்பூரில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு, அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஏப்ரலில் இரவெல்லாம் இடித்துப் பெய்த மழையைக் கேட்டுவிட்டு, காளான் பறிக்கும் காலம் வந்துவிட்டது என்று அம்மாவின் தம்பி, என் மாமா, தாமாகவே முடிவு செய்துவிட்டார்.

மாமா ஊரிலிருந்து வந்து சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் அவருக்குப் படுக்கை. ரயிலில் எதிர்த்திசையில் ஏறிப் போனது, லிஃப்டில் மாடி எண்ணை அழுத்தாமல் காத்து நின்றது என்று அவர் செய்ததையெல்லாம் அப்பா சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிப்பார். மாமாவும் கூடச் சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள்.

ஞாயிறு காலை மாமா என்னை எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருந்த சிறு காட்டுக்கு அழைத்துப் போனார். ஈர இலைகளை விலக்கிப் பார்த்தால், ஒரு மரத்தடி முழுக்க வெள்ளை வெளேரென்று காளான். அதைப் பார்த்ததும் மாமா முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பை நிறையப் பறித்து வந்து அப்பா முன்னால் வைத்தார்.

"புத்துக் காளான் மச்சான். கடையில தேடினாலும் கெடைக்காது."

"இங்க எதைப் பறிச்சாலும் ஃபைன் போடுவான்லா," என்றார் அப்பா. "நல்ல காளான்தானா மாப்ளே? இல்ல, எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

"எங்க ஊர்ல பொறந்தவனுக்குக் காளான் தெரியாதா மச்சான்?"

நான் அப்போது தொடக்கநிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறைக்கு ஓடி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, காட்டுக் காளான் சாப்பிட்டா செத்துடுவோம்னு டீச்சர் சொன்னாங்க."

"வாயை மூடு. மாமா காதுல விழப்போவுது," என்றாள் அம்மா. பிறகு கறிவேப்பிலை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கீழே கடைக்குப் போனாள். சாகப்போகிற குடும்பத்துக்குத் தாளிப்பு ஒரு கேடா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. தம்பிக்காக எங்கள் எல்லாருடைய உயிரையும் கொடுக்கத் துணிந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மதியம் குழம்பு மேசைக்கு வந்தது. முதல் வாய் தாம்தான் சாப்பிடுவேன் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். மென்றார், கண்களை மூடினார், பெருமூச்சு விட்டார். "அதே ஊர் ருசி," என்றார். அப்பா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஒத்துக்கறேன்." எல்லாரும் செத்துப் போன பிறகு நான் மட்டும் இருந்து என்ன செய்வது? நானும் சாப்பிட்டேன்.

அன்று பிற்பகல் முழுக்க எனக்குக் காவல் வேலை. சோபாவில் தூங்கிய அப்பாவின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். என் வயிற்றையும் அமுக்கிப் பார்த்துக்கொண்டேன். மாலையில் அப்பா எழுந்து கொட்டாவி விட்டு, "டீ இல்லையா?" என்று கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஓடிப்போய் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை.

பல வருடங்கள் கழித்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதைப் போய் யாராவது சமைப்பாங்களா? குப்பையில போட்டுட்டு, கடையில சிப்பிக் காளான் வாங்கிப் பிச்சுப் போட்டேன்," என்றாள். "உங்கப்பா முன்னாடி அவன் தலைகுனியக் கூடாது பாரு. இன்னிக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது."

மாமாவைச் சந்தித்தபோது மனது கேட்காமல் அவரிடமும் பேச்சுக் கொடுத்தேன். அவர் சிரித்தார்.

"புத்துக் காளான்னா தண்டு மண்ணுக்குள்ள நீளமாப் போகும். இது தொட்டதும் கையோட வந்துச்சு. வீட்டுக்கு வந்தப்புறம்தான் அது உறைச்சுது. அவ்வளவு பேசிட்டு மச்சான்கிட்ட எப்படிச் சொல்றது? வாயில வச்சுப் பார்த்துட்டு, ஏதாவது சொல்லி எல்லாத்தையும் கொட்டிடலாம்னு இருந்தேன். வச்சா, கடைக் காளான்! அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. உங்கம்மாகிட்ட சொல்லிடாதே. எனக்குத் தெரியாதுன்னே அது நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்."

அன்று அக்காவும் தம்பியும் தட்டைவிட்டுத் தலையே நிமிராமல் சாப்பிட்டார்கள். ருசியில் மெய்மறந்துவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.