வவுணதீவு வயலில் தர்ஷினி பாட்டுப் போட்ட நாள்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் மட்டக்களப்பு ரயில் கொழும்புக் கோட்டையை விட்டுப் புறப்பட்டது. இந்தப் பயணத்துக்குக் காரணம் லண்டனில் இருக்கும் என் மகள். "அம்மா, நான் இங்க டிக்கெட் எடுத்துப் போய்க் கேக்கிற ஆள் மட்டக்களப்பில சனிக்கிழமை வாசிக்கப்போறா. எனக்காகப் போய்க் கேட்டு எழுதி அனுப்புங்க" என்று சொல்லியிருந்தாள்.

அந்த ஆள் தர்ஷினி. வயது முப்பத்துநாலு. ஹவுஸ் இசை ஆக்குபவர், அதை அரங்குகளில் கலந்து போடும் டீஜே. திருநங்கை. வெளிநாட்டு விளம்பரங்களில் அவருடைய பெயர் 'வட்டை'. வயல்வெளியை மட்டக்களப்பில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஹவுஸ் என்பது ஆடுவதற்கான இசை. நிமிடத்துக்கு நூற்றிருபது அடிகளை ஒட்டி, ஒரே சீராக விழும் நாலடித் தாளம். அதன் மேல் மற்ற ஒலிகள் ஒவ்வொன்றாக வந்து சேரும், பிறகு விலகும். நான் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவள். மகள் அனுப்பிய பாட்டை முதலில் கேட்டபோது பக்கத்து வீட்டில் ஏதோ வேலை நடக்கிறதென்று நினைத்தேன். மூன்றாம் தடவை சமையலறையில் கேட்டபோது கால் தானாகவே தட்டிக்கொண்டிருந்தது.

பொலன்னறுவையில் ஏறி எதிரே அமர்ந்தவர் ஓட்டமாவடியில் புடவைக்கடை வைத்திருப்பவர். யாரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும், "ஹவுஸ் என்டா வீடா?" என்று கேட்டார். விளக்கினேன். கொஞ்சம் யோசித்தார்.

"வவுணதீவுப் புள்ளயா? எங்கட தங்கச்சிட கலியாணத்துக்கு சவுண்ட் போட வந்தது அவதான். அப்ப வேற பேரு. சவுண்ட் பெட்டிக்குப் பக்கத்தில இருந்தும் கதைக்க ஏலும், கடைசிப் பந்தியிலயும் தெளிவாக் கேக்கும். இப்ப அப்படிப் போடுறதுக்கு ஆள் இல்ல."

வாழைச்சேனையில் இறங்கும்போது, "ஓட்டமாவடியான் ஒருத்தன் விசாரிச்சதாச் சொல்லுங்க" என்றார்.

பிற்பகல் மூன்று மணிக்கு மட்டக்களப்பு. நிலையத்திலிருந்து பாலம் கடந்து கல்லடிக்கு ஓட்டோவில் ஐந்நூறு ரூபாய். வாவியில் பட்ட வெயில் கண்ணைக் கூசவைத்தது. தர்ஷினி கடையொன்றின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறார். வருவதாக முன்னமே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். உயரமானவர், வாரி முடிந்த கூந்தல், பருத்திச் சட்டை. "வாங்க டீச்சர், படி செங்குத்து, பார்த்து ஏறுங்க" என்று கையைப் பிடித்தார்.

அறையின் சுவர்கள் தெரியவில்லை. நான்கு பக்கமும் உமி நிரப்பிய சாக்குகள் கூரை வரை அடுக்கியிருந்தன. எதிரொலியை விழுங்குவதற்கு வெளிநாட்டில் விசேடமான பஞ்சுப் பலகை விற்பார்களாம். "உமி அதைவிட நல்லாக் குடிக்கும். எலிதான் கரைச்சல்" என்றார். நடுவில் ஒரு மேசை, கணினி, இரண்டு ஒலிபெருக்கிகள். பிளேன்டீ வந்தது. மட்டக்களப்பு வாவியில் இரவில் மீன்கள் பாடும் என்பார்கள். அதைப் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"வாற எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க. நான் போடல்ல. மீன் பாடட்டும், அது அதுட வேலை."

பதினேழு வயதில் நகரத்து ஒலிபெருக்கிக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கோயில் திருவிழா, கலியாண வீடு, கூட்டம் என்று பெட்டி சுமந்தார். எந்த மூலையில் எதை வைத்தால் ஒலி எங்கே போய் விழும் என்பது காதுக்குப் பழகியது. இருபது வயதில், தான் ஒரு பெண் என்று வீட்டில் சொன்னார். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். அடுத்த நாள் இவர் கொழும்புக்கு பஸ் ஏறினார்.

கொழும்பில் ஒரு ஹோட்டலில் வயர் இழுக்கும் வேலை. ஒரு ஞாயிறு மத்தியானம், நீச்சல் குளத்து விருந்துக்கு டீஜே வரவில்லை. வரும்வரைக்கும் எதையாவது போடு என்றார் முகாமையாளர். தர்ஷினி நான்கு மணிநேரம் போட்டார். "ஒருத்தரும் கதிரையில இருக்கல்ல டீச்சர். அண்டைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது" என்றார்.

பிறகு பழைய கணினி ஒன்று வாங்கிச் சொந்தமாக ஆக்கத் தொடங்கினார். முதல் பாட்டுக்கு ஊர்ச் சத்தம் ஏதாவது வேண்டுமென்று தோன்றியது. அப்பாவுக்குத் தெரியாமல் தன்னோடு பேசிக்கொண்டிருந்த அம்மாவிடம், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்ச் சத்தத்தைக் கைபேசியில் பிடித்து அனுப்பச் சொன்னார். வந்த பதிவில் மோட்டாரோடு அப்பாவின் குரலும் இருந்தது. "தண்ணி காணும், நிப்பாட்டு." தண்ணீர் போதும், நிறுத்து என்கிறார். அதை வெட்டி எறிய மனம் வரவில்லை. பாட்டின் நடுவில் தாளம் உச்சத்தில் ஓடும்போது அந்தக் குரல் வரும், எல்லாம் ஒரு கணம் நின்றுவிடும். பிறகு தாளம் மறுபடி விழும்.

அந்தப் பாட்டை ஜெர்மனியில் ஒரு சிறிய நிறுவனம் வெளியிட்டது. அழைப்புகள் வந்தன. முதல் பயணத்தில் கடவுச்சீட்டில் பழைய பெயரும் ஆண் என்ற குறிப்பும் இருந்ததால் ஒரு விமான நிலையத்தில் நிறுத்திவைத்தார்கள். வெளியே விட்டபோது நிகழ்ச்சி முடிந்திருந்தது. ஊருக்கு வந்து அலுவலகம் அலுவலகமாக அலைந்து, பத்திரங்களை மாற்றி, அடுத்த வருடம் அதே மேடைக்குப் போய் வாசித்தார். "அந்த ஊர்ச் சனம் இப்ப 'நிப்பாட்டு' என்டு கத்துவாங்க. அப்பாக்கு ஒண்டும் தெரியா."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே கைபேசி அடித்தது. நாளைய நிகழ்ச்சிக்குப் பேசியிருந்த மண்டபத்தின் பொறுப்பாளர். இவர் இரண்டு தடவை "ஓம்" என்றார், ஒரு தடவை "ஏன்?" என்றார். கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"தரமாட்டாங்களாம். ஆரோ போய் என்னைப் பத்திச் சொல்லியிருக்காங்க."

இனி என்ன என்று கேட்டேன். கோபத்தையோ அழுகையையோ எதிர்பார்த்தேன். அவர் எழுந்து ஸ்கூட்டர்ச் சாவியை எடுத்தார்.

"வெளிநாடெல்லாம் போட்டாச்சு. என்ட ஊரில இன்னும் ஒருநாளும் போடல்ல டீச்சர். வாங்க, ஒரு இடத்தைக் கேட்டுப் பார்ப்பம்."

வலையிறவுப் பாலத்தைத் தாண்டி நகரிலிருந்து ஆறு கிலோமீட்டர் அளவில் தர்ஷினியின் ஊரான வவுணதீவு. மாலை ஐந்தரை. பெரும்போக அறுவடை முடிந்து வயல்கள் மஞ்சள் அரிதாளாகக் கிடந்தன. அவருடைய அம்மா வாசலுக்கு ஓடிவந்தார். மூன்று வருடமாகத் தர்ஷினி இந்த வீட்டுக்கு வந்து போகிறாராம். வந்தால் அப்பா வயலுக்குப் போய்விடுவார். இன்று போக முடியவில்லை. நெல்மூட்டைகளை அடுக்கிக்கொண்டு கொட்டிலில் நின்றார்.

தர்ஷினி ஐந்தாறடி தள்ளி நின்று, மண்டபம் இல்லையென்று ஆனதைச் சொன்னார். "எனக்கு வயல் வேணும் அப்பா. நாளைக்கு நாலு மணியில இருந்து ஆறு மணி மட்டும்."

அவர் மூட்டையைத் தட்டிச் சரி செய்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"வெட்டின வயல்தானே. சும்மாதான் கிடக்கு."

அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரைப் பாலத்தருகே நிறுத்தி, தர்ஷினி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் ஒலிபெருக்கிக் கடைப் பழைய முதலாளி ஒரு லொறியில் எட்டுப் பெட்டிகளும் ஜெனரேட்டரும் அனுப்பிவைத்தார். தர்ஷினி மத்தியானம் வரை வரம்பு வரம்பாக நடந்து, கைதட்டிப் பார்த்து, பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்தார். திறந்த வெளியில் ஒலி சிதறிவிடும் என்பதால் வைக்கோல் கட்டுகளைப் பின்னால் அரைவட்டமாக அடுக்கவைத்தார். நான் பார்த்த எந்தப் பொறியியலாளரும் இவ்வளவு பொறுமையாக வேலை செய்ததில்லை.

நான்கு மணிக்குப் பதினொரு பேர் இருந்தார்கள். என்னையும் அவருடைய அம்மாவையும் சேர்த்து. மற்றவர்கள் இடம் மாறியதைக் கேள்விப்பட்டு நகரத்திலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள். அவர் ஆயிரம் பேருக்குப் போடுவது போலவே தொடங்கினார். மெல்லிய ஒரு தட்டல், அதன் அடியில் நெஞ்சில் வந்து படும் தாளம். அரைமணிக்குள் வரம்புகளில் ஆட்கள் தெரிந்தார்கள். பெண்கள் முதலில் தூரத்தில் நின்றார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். பிறகு ஒருத்தி இன்னொருத்தியை இழுத்துக்கொண்டு எழும்பினாள். "எழும்பு, ஆடத்தானே போட்டிருக்கு" என்றாள். உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு குடும்பமே வந்து இறங்கியது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மோட்டார் சைக்கிளில் வட்டை விதானை வந்தார். நீர்ப்பாய்ச்சலையும் வயல் வேலைகளையும் மேற்பார்ப்பதற்காக விவசாயிகள் தெரிந்தெடுத்த ஆள். நேரே மேசைக்குப் போகாமல் அப்பாவிடம் வந்தார்.

"என்ன இது? சனம் ஒரு மாதிரிக் கதைக்கிது. ஆரு போடச் சொன்ன?"

அப்பா ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றார். நான் அவருக்குப் பின்னால் இருந்தேன், ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"என்ட காணி. என்ட மகள் போடுறா. ஆறு மணிக்கு முடியும்."

விதானை அவரைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். மோட்டார் சைக்கிளை வரம்போரம் நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். ஆறு மணி வரைக்கும் போகவில்லை.

தர்ஷினிக்கு இது எதுவும் கேட்டிருக்காது. ஆனால் அம்மா ஓடிப்போய்க் காதில் சொல்வதைக் கண்டேன். அவர் தலையைக் குனிந்து, கருவியில் ஏதோ தேடினார். அடுத்ததாக அந்த மோட்டார்ச் சத்தம் வந்தது. தாளம் ஏறியது, பெண்கள் கைகளை உயர்த்தினார்கள். உச்சத்தில், எட்டுப் பெட்டிகளிலிருந்தும், "தண்ணி காணும், நிப்பாட்டு" என்ற குரல் வயல் முழுக்கப் பரவியது. எல்லாம் நின்றது. எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். தாளம் விழுந்தபோது வயல் சிரித்துக்கொண்டே ஆடியது.

முடிந்த பிறகு தர்ஷினி வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டத் தொடங்கினார். 

"அது பழைய மோட்டார்" என்றார் பிறகு. "இப்ப புதுசு எடுத்திருக்கன். அதையும் பிடி."

"ஓம் அப்பா. வாறன்" என்றார் தர்ஷினி.

ஞாயிறு காலை ஆறே கால் ரயிலில் திரும்பினேன். மகளுக்கு எழுதத் தொடங்கினேன். தாளம், வைக்கோல் கட்டு, எட்டுப் பெட்டி என்று எழுதிக்கொண்டே போகையில், புனானையை நெருங்கும்போது பேனா நின்றுவிட்டது. கொழும்பில் நான் படிப்பிப்பது ஆண்கள் பாடசாலை. பல வருடங்களுக்கு முன் பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை தலைமயிர் வளர்த்து, நகத்தில் சாயம் பூசி வந்தது. நான்தான் அதிபரிடம் அனுப்பினேன். ஒழுங்கு என்று நினைத்தேன். அடுத்த தவணைக்கு அந்தப் பிள்ளை வரவில்லை. வரவு இடாப்பில் அந்தப் பெயரின் மேல் சிவப்பு மையால் கோடு கீறியதும் நான்தான்.

அந்தப் பிள்ளையிடம் என்ன பிடிக்கும், என்ன ஆக விருப்பம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மகளுக்கான கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, வேறொரு தாள் எடுத்தேன். அந்த வகுப்பில் இருந்தவர்களில் இன்னும் தொடர்பில் உள்ளவர்களின் பெயர்களை, நினைவு வந்த ஒழுங்கில், எழுதத் தொடங்கினேன். அந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று யாருக்காவது தெரிந்திருக்கும்.