இடமாகச் சுற்றிய எஞ்சின்

எனக்கும் என் சகலைக்கும் பேச்சு நின்றுபோனதற்கு ஒரு பொம்மை ரயில் எஞ்சின்தான் காரணம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த மனுஷன் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில், மில்லுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். எனக்கு மில்லில் நூற்புப் பகுதியில் வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. சாமி கும்பிடுவது மட்டும் நின்றதில்லை. நவராத்திரிக்குக் கொலு வைப்பது என் மனைவி பிறந்த வீட்டு வழக்கம். அதை எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். படிகளுக்கு முன்னால் ஒரு பலகை போட்டு, மண்ணைக் குவித்து மலை செய்து, கேழ்வரகு தூவி முளைக்கவிட்டு, உச்சியில் முருகனை நிறுத்துவோம். மலையைச் சுற்றித் தண்டவாளம். அதில் கரி எஞ்சின் பூட்டிய ரயில் ஓடும், ஓடுவது கரண்டில்தான்.

அந்த வருஷம் அது வேடிக்கைக்காக வைத்தது இல்லை. மனைவிக்கு அதற்கு முன் இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. மறுபடி உண்டாகி நாலாம் மாசம். மருதமலைக்கு வந்து முருகனைச் சுற்றுகிறேன் என்று வேண்டியிருந்தாள். டாக்டரம்மாவோ எழுந்து நடமாடவே கூடாது என்று சொல்லிவிட்டார். பாயில் படுத்தபடி ஒரு நாள் சொன்னாள்:

"ஏனுங்க, எனக்குப் பதுலா ஒம்பது நாளும் அந்த ரயிலு சாமியச் சுத்தட்டுமுங்க. நான் படுத்துட்டே பாத்துக்கறேன். முருகனுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும் என்றேன். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

பழைய எஞ்சினில் மோட்டார் கருகிவிட்டது. புதிது வாங்க வேண்டும். எங்கள் அறையோ சின்னது. படிகள் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு கட்டில் அகலத்துக்குக்கூடப் பலகை போட முடியாது. அதனால் தண்டவாளம் மூலைக்கு மூலை சடக்கென்று திரும்பும். அந்த வளைவில் எது திரும்புமோ அதைத்தான் வாங்க வேண்டும்.

இதில் தலையிட்டவர்தான் சகலை. மனைவியின் அக்கா வீட்டுக்காரர், துடியலூரில் பம்புசெட் பட்டறை வைத்திருந்தார். இயந்திரம் என்றால் உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைப்பு.

"டவுன்ஹால் பக்கத்துல ஒரு பாய் கடையில ஃபாரின் ரயிலு வந்திருக்குதுங்க. வாங்க, நானே வாங்கித் தாரேன்."

நான் வளைவுத் தண்டவாளத்தில் இரண்டு துண்டைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றினேன். கடையில் வைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று எண்ணம்.

"அதென்னுங்க, தண்டவாளத்தக் கக்கத்துல வெச்சுட்டு டவுன்ஹால் பூரா சுத்தப் போறீங்களா? பாக்கறவிங்க ரயில்வேயில திருடுனதுன்னு நெனைப்பாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் அதைக் கீழே வைத்துவிட்டேன்.

கடையில் இரண்டு எஞ்சின் இருந்தது. ஒன்று நீளம். பின்னால் கரிப்பெட்டி, பக்கத்துக்கு நாலு பெரிய சக்கரம், அத்தனையும் ஒரே தண்டில் பூட்டியது. பார்க்க ராஜா மாதிரி இருந்தது. இன்னொன்று மொத்தமே நாலு சக்கரம், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறுகிற எஞ்சின் போலக் கட்டையும் குட்டையுமாக.

"சின்னது போதுமுங்க. சக்கரம் நெருக்கமா இருக்குது, நம்ம வளைவுல திரும்பீரும்" என்றேன்.

"மூக்குப்பொடி டப்பா மாதர இருக்குதுங்க. சாமி முன்னால ஓடறதுக்கு ஒரு லட்சணம் வேண்டாமுங்களா?"

கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் பெரிய வட்டமாகத் தண்டவாளம் போட்டிருந்தார். அதில் இரண்டும் சுகமாக ஓடின. "உங்க ஊட்டு வளைவு எப்படிங்க?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இதே மாதர தானுங்க பாய்" என்று சகலை முந்திக்கொண்டார்.

"இல்லீங்க, இதுல பாதிகூட வராது."

"எங்க சகலை மில்லுல நூலு நூக்கறவருங்க. ரயிலுக்கும் நூலு புடிச்சுப் பாக்கறாரு!"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். சகலை பெரிய எஞ்சினை வாங்கி என் கையில் திணித்தார். மனைவி முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் விளக்கேற்றி எஞ்சினை விட்டோம். முதல் மூலையிலேயே முன்சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறி, எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்தது. எடுத்து வைத்தேன். மறுபடி சாய்ந்தது. "இன்னொருக்கா வெச்சுப் பாருங்க" என்பாள் மனைவி. ஒவ்வொரு தடவை விழும்போதும் அவள் கை வயிற்றுக்குப் போனது. கடைசியில் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பெட்டிகளை மட்டும் நானே கையால் தள்ளிச் சுற்றினேன். மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம் என்று சகலைக்குப் போன் போட்டேன்.

"ஓட்டத் தெரியலீன்னு சொல்லுங்க. நாளைக்கு நானே வாரேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் கைதட்டல். எட்டிப் பார்த்தேன். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கண்ணில் பட்டது: முருகனை அது இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வலமாகப் போனால் மூலையில் விழுகிற எஞ்சின், இடமாகப் போனால் விழவில்லை. காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது. சகலை அதைக் கண்டுபிடித்து, திருப்பி ஓட்டிவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். சாமியை வலமாகத்தான் சுற்றுவோம். இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில், கொள்ளி வைக்கிறபோது. இது அவருக்குத் தெரியாததா? மனைவி முந்தானையால் முகத்தை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அக்கா புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல அவளால் முடியவில்லை.

நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

"எதுக்குங்க புடுங்கறீங்க? நல்லா ஓடீட்டிருக்குதல்லங்க?"

"எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தீங்களா?"

"பொம்ம ரயிலுக்கு வலமென்னுங்க, இடமென்னுங்க?"

"அவளோட வேண்டுதலுங்க அது. உங்களுக்குச் சொல்லியிருக்குது."

"சொன்னீங்க. ஏனுங்க, முன்ன ரெண்டு போச்சே, அப்பவெல்லாம் எந்த ரயிலுங்க இடமாச் சுத்துச்சு?"

எங்கள் ஊரில் நெஞ்சில் குத்தும்போதும் 'ங்க' போட்டுத்தான் குத்துவார்கள். சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவிகூட அப்படியே நின்றுவிட்டார். எஞ்சினைத் தூக்கி அவர் கையில் வைத்தேன். இன்னும் சூடாக இருந்தது.

"எடுத்துட்டுக் கெளம்புங்க. இனி இந்தப் பக்கம் வராதீங்க."

"போறேனுங்க. உங்க மூக்குப்பொடி டப்பா என்ன பண்ணுதுன்னு பாத்தர்றேன்."

அடுத்த நாள் லீவு போட்டேன். வளைவுத் தண்டவாளத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டவுன்ஹாலுக்குப் போனேன். கடைக்காரர் பார்த்ததும், "பெருசு உழுந்துருச்சுங்களா?" என்றார்.

"உழுந்துச்சுங்க பாய். வாங்கித் தந்தவரும் வெளிய போயிட்டாருங்க."

அவர் சின்ன எஞ்சினை எடுத்து என் தண்டவாளத்தில் வைத்துக் கரண்ட் கொடுத்தார். முன்னாலும் பின்னாலும் சக்கரம் தூக்காமல் போய்வந்தது.

மத்தியானமே பூட்டிவிட்டேன். அது மலையைச் சுற்றி வலமாக ஓடிற்று. மனைவி மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள்.

"நேத்து தப்பாச் சுத்துனதெல்லாம் கழியோணுமுங்களே."

"கழியற வரைக்கும் ஓடட்டும்."

மோட்டார் சுட்டால் கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி ஓட்டினேன். அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வெயில் இறங்கியபின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "போதுமுங்க, வெளக்கேத்தலாம்" என்றாள். மிச்ச நாளெல்லாம் அந்த எஞ்சின் ஒரு தடவைகூட விழவில்லை.

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. முருகன் கொடுத்தான்.

குழந்தையைப் பார்க்க மனைவியின் அக்கா வந்தார். பின்னால் பழக்கூடையோடு சகலை. வாசலில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் ஆகாதவன் வந்தாலும் 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். நான் சொல்லவில்லை. அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"கொழந்தயப் பாத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க."

நான் தெருவைப் பார்த்தேன். உள்ளேயிருந்து என் மனைவிதான், "வாங்க மாமா" என்றாள். அவளுடைய வீடு, அவளுடைய குழந்தை, கூப்பிடட்டும். அவர் உள்ளே போனதும் எழுந்து பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டேன். மன்னித்துவிட்டேன் என்று சாமியிடம் சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை. வராததை வந்தது என்று சாமியிடம் பொய் சொல்ல முடியுமா? அவர்கள் போய்விட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.