ஒரே கேமராவும் ஒன்பது குஞ்சுகளும்

எங்கள் வீட்டில் கேமரா ஒன்றுதான். அதற்கு ஆசைப்படுகிறவர்கள் இரண்டு பேர், நானும் என் கணவரும். மாற்றலாகி மெயின்லேண்ட் திரும்பிய ஓர் அதிகாரியிடம் பழையதாக வாங்கிய டிஜிட்டல் கேமரா அது. கூடவே தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் ஒரு நீளமான ஜூம் லென்ஸும் வந்தது. போர்ட் பிளேர் ஷாதிபூரில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பூசைக்குப் போகாத வாரமெல்லாம் பறவை பார்க்கப் போவோம். போகிற வழியெல்லாம் சண்டைதான்.

அவர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். படகு இன்ஜின் மெக்கானிக். ஆட்டோஃபோகஸ் மேல் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. "ஏட்டி, இத்தன சின்ன மெஷினுக்குள்ள எவனோ மூளையைப் போட்டு வெச்சிருக்கான். நீ எதுக்குக் கெடந்து திருகுத?" என்பார். நான் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள், அரசு அலுவலகத்தில் கிளார்க். எனக்கு எதையும் என் கையால் செய்தால்தான் திருப்தி. லென்ஸின் வளையத்தை நானே திருப்பி, மங்கலாக இருக்கிற பறவை மெல்ல மெல்லக் கூர்மையாகி வருவதைப் பார்க்கிற அந்த நொடிக்காகத்தான் நான் கேமராவையே தொட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல மாதங்களாக என் மேனுவல் படங்கள் ஒன்றுகூட உருப்படவில்லை. எல்லாமே புகைமூட்டம். நாற்பதைத் தாண்டிய கண், அவ்வளவுதான் என்று மனதுக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

சுனாமிக்குப் பிறகு, ஊருக்கு வெளியே இருக்கும் சிப்பிகாட் என்ற இடத்தில் நிலம் தாழ்ந்து, வயல்களுக்குள் கடல் தண்ணீர் வந்து நின்றுவிட்டது. தென்னைகள் நின்றபடியே செத்து, தலை உதிர்ந்து, வெறும் தூண்களாக நின்றன. அந்தத் தண்ணீருக்குப் பறவைகள் வர ஆரம்பித்தன. அங்கே மேட்டுப் பக்கத்தில் காய்கறி போடும் ஒரு வங்காளி விவசாயி எங்களுக்குப் பழக்கம். ஒரு சனிக்கிழமை அவர் என்னைப் பார்த்ததும் பாகற்காய்க் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தீதி, நாரியல் கே அந்தர் பத்தக் ஹை. கல் ஸே பச்சா போல் ரஹா ஹை."

செத்த தென்னை ஒன்றின் பொந்துக்குள் வாத்து அடை காக்கிறதாம். நேற்றிலிருந்து உள்ளே குஞ்சுகளின் சத்தம் கேட்கிறதாம். எனக்குக் கைகால் பரபரத்தது. அது அந்தமான் கிளுவை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சின்ன வாத்து, இந்தத் தீவுகளை விட்டால் வேறெங்கும் கூடு கட்டாத இனம் என்பார்கள். பொரித்த ஓரிரு நாளில் குஞ்சுகள் பொந்திலிருந்து தண்ணீருக்குக் குதித்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன்.

மறுநாள் ஐந்து மணி வெளிச்சத்தில் வரப்பில் போய் உட்கார்ந்தோம். தூறல் விட்டிருந்தது. நாற்பதடி தள்ளித் தென்னை. அதில் இரண்டு ஆள் உயரத்தில் பொந்து. நடுவே கோரைப்புல். விவசாயி எங்களுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். ஆளுக்கு அரை மணி நேரம் கேமரா என்று பேச்சு. முதல் முறை என் கணவருக்கு.

சிறிது நேரத்தில் தாய் வாத்து பொந்திலிருந்து தலையை நீட்டியது. அவர் அழுத்தினார். காற்றில் கோரை ஆடியது. லென்ஸ் "கிர்ர்... கிர்ர்" என்று முன்னும் பின்னும் ஓடி, கடைசியில் ஓரிடத்தில் நின்றது. திரையில் பார்த்தால் கோரை முனையில் இருந்த மழைத்துளி பளிச்சென்று விழுந்திருக்கிறது. பின்னால் ஒரு பழுப்புத் தீற்றல், அதுதான் வாத்து.

"நடுப்புள்ளியை மட்டும் வெச்சு எடுங்க" என்றேன்.

அப்படியும் பார்த்தார். மறுபடியும் கோரைதான். "இந்தப் புல்லு மேல இதுக்கு என்ன காதலோ!" என்று கேமராவை என்னிடம் நீட்டினார்.

லென்ஸின் விசையை மேனுவலுக்குத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தேன். வழக்கமான அதே புகைமூட்டம். வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் தெளியவில்லை. எரிச்சலில் கேமராவைக் கீழிறக்கியபோதுதான், கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்னச் சக்கரம் கண்ணில் பட்டது. அது ஒரே பக்கமாகக் கடைசி வரை திருகப்பட்டிருந்தது.

"என்னாங்க, இத நீங்க தொட்டீங்களா?"

"கண்ணாடியக் கழட்டிட்டுப் பாக்கணும்லா, அதுக்குத் திருப்புனேன். ஆட்டோல அதனால ஒண்ணும் ஆவாது."

"எப்ப திருப்புனீங்க?"

"கிறிஸ்மஸ் சமயத்துல."

எட்டு மாதம்! எட்டு மாதமாக அவருடைய கண்ணுக்கு வைத்த அளவில் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! திட்ட வாய் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. சக்கரத்தை என் கண்ணுக்குத் திருப்பினேன். வளையத்தை நகர்த்தினேன். கோரை கரைந்து பின்வாங்க, தென்னையின் வெடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பொந்தின் விளிம்பில் ஊர்ந்த எறும்புகூடத் தெரிந்தது. அழுதுவிடுவேன் போலிருந்தது. அங்கேயே வளையத்தை நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

தாய் வெளியே பறந்து தண்ணீரில் இறங்கியது. மெல்லிய குரலில் கூப்பிட்டது. பொந்தில் ஒரு குட்டித் தலை. பிறகு இன்னொன்று. நான் மூச்சு விடுவதற்குள் முதல் குஞ்சு குதித்தே விட்டது! பின்னாலிருந்து விவசாயி "ஏக்" என்று எண்ணத் தொடங்கினார். நான் அழுத்த ஆரம்பித்தேன். "தோ... தீன்..." குஞ்சுகள் மரத்தை ஒட்டி நேர்கீழாகத்தான் விழுந்தன. பொந்தும் விழுகிற வழியும் எனக்கு ஒரே தூரம். அதனால் வளையத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. "ஆட்... நௌ" என்று விவசாயி முடித்தபோது என் விரல் மரத்துப்போயிருந்தது.

திரையைப் பார்த்தோம். பெரும்பாலும் வெறும் மரம், பாதி வால், தண்ணீர்த் தெறிப்பு. ஆனால் மூன்றாவது குஞ்சு! இரண்டு பாதங்களையும் விரித்து, சிறகே இல்லாத கைகளை அகட்டி, அந்தரத்தில், ஒவ்வொரு பூமயிரும் தெரிய நின்றது. என் கணவர் என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "ஜெயிச்சுட்டட்டி!"

அந்தப் பெருமை இரண்டு நிமிடம்தான் நிலைத்தது. வாத்துக் குடும்பம் மொத்தமும் எங்களை நோக்கியே நீந்தி வந்தது. "ஆட்டோவுக்கு மாத்து, மாத்து!" என்று அவர் கிசுகிசுத்தார். நான் கேட்கவில்லை. வளையத்தைப் பதற்றத்தில் எதிர்ப்பக்கமாகத் திருப்பினேன். எடுத்த இருபது படமும் பாழ். அந்த விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி.

தாய் வரப்பேறி, குஞ்சுகளோடு நேரே எங்களுக்குப் பின்னாலிருந்த ரோட்டுக்கு நடந்தது. அந்தப் பக்கம்தான் பெரிய தண்ணீர். அதே நேரம் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. என் கணவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். ரோட்டின் நடுவில் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். பஸ் பிரேக் போட்டுக் கிறீச்சிட்டு நின்றது.

"மர்னா ஹை க்யா?" சாகணுமா என்று கத்தினார் டிரைவர்.

"ருக்கோ பாய், பச்சா ஜா ரஹா ஹை!"

பிள்ளை போகிறது என்றதும் டிரைவர் முகம் வெளுத்துவிட்டது. யாருடைய பிள்ளை என்று பதறினார்: "பச்சா? கிஸ்கா பச்சா?"

"பத்தக் கா!" என்று வாத்துப் பக்கம் கையைக் காட்டினார் என் கணவர்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்தார். ஜன்னல்களிலெல்லாம் தலைகள் முளைத்தன. இந்தி, வங்காளம், தெலுங்கு என்று எல்லாப் பாஷையிலும் ஆட்கள் எண்ணினார்கள். இனி வளையத்தோடு மல்லுக்கட்ட நேரமில்லை. விசையை ஆட்டோவுக்குத் தள்ளி, ஜூமைக் குறைத்து, ஒரே ஒரு முறை அழுத்தினேன். ஒன்பதும் ரோட்டைத் தாண்டின.

மூன்றாவது குஞ்சின் படத்தைப் பிரின்ட் போட்டு விவசாயிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் குஞ்சை ஒரு தடவை பார்த்தார், மரத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார். அவர் கையால் நட்ட தென்னையாம்.

ரோட்டில் எடுத்த படத்தைச் சட்டம் போட்டு எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறோம். அதில் வாத்துகள் பத்தும் மங்கல். வெறுங்காலோடு, கைகளை விரித்து, வாயைப் பிளந்து நிற்கும் என் கணவர் மட்டும் சட்டைப் பொத்தான் வரைக்கும் துல்லியம். யார் வீட்டுக்கு வந்தாலும் அவர் அதைத்தான் முதலில் காட்டுகிறார்.

"ஆட்டோல எடுத்தது" என்கிறார்.