அந்த அம்மா கேட்டதும் நான் சொன்னதும்

ரங்கூனில், கியாக்டடா பக்கம் ஒரு மாடி வீட்டில், ஹங்கேரிக்கார அம்மா ஒருவருக்குச் சமைத்துப் போட்டேன். நல்ல உயரம். நரைத்த பின்னலைத் தலையைச் சுற்றிக் கட்டியிருப்பார். இந்த ஊருக்கு எப்படி வந்தார் என்று கேட்க எனக்குக் கூச்சம். எங்களுக்குள் பர்மியப் பேச்சுதான். ஞாயிறுதோறும் அவித்த நூடுல்ஸில் கசகசாவும் சர்க்கரையும் தூவிச் சாப்பிடுவார்.

"கசகசாவ நாங்க குருமாவுக்குல்லம்மா அரைப்போம்" என்பேன்.

"உனக்கு ருசி தெரியல, போ" என்று சிரிப்பார்.

போன மழைக்காலத்தில் படுத்துவிட்டார். பர்மியும் இங்கிலீஷும் மறந்துபோய், அவருடைய சொந்த பாஷை மட்டும் மிஞ்சியது. அது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். நடுநடுவே நிறுத்தி, பதிலுக்காக என் முகத்தையே பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடினார். பிறகு எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் அவருடைய பேத்தி என்னிடம் கேட்டாள். பர்மியில் அத்தைக்கு டோடோ; அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"டோடோ, பாட்டி கடைசியா என்ன சொன்னாங்க?"

"தெரியலயேம்மா. என்னமோ கேட்டாங்க. நான் சரின்னுட்டேன்."

எதையோ செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். என்னவென்று தெரியாததால் இன்னும் செய்யாமல் இருக்கிறேன்.