மனு பார்க்கப் போன ஸ்வெட்டர்

கொடைக்கானலில் ஒருவர் கோயில் வாசலை மற்றவர் மிதிக்காத மூன்று கிறிஸ்தவ சபைக்காரர்கள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் ஒரே வேனில் ஏறுவார்கள். மதுரைச் சிறையில் இருப்பவர்களை மனுப்போட்டுப் பார்க்க, எங்களைப் போன்ற வீட்டாரைக் கூட்டிப்போவதற்காக. ஒரு சபையின் வேன், இன்னொரு சபையின் வக்கீல், மூன்றாவது சபையின் புளிச்சோறு. யார் முதலில் ஜெபிப்பது என்ற சண்டை பெருமாள்மலை வரைக்கும் நடக்கும். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் இவர்கள் இல்லாவிட்டால், தீர்ப்பு வராமலே உள்ளே கிடக்கும் என் தம்பியை நான் எப்படிப் பார்ப்பது?

மலையிறங்கி வத்தலக்குண்டு வெயிலுக்கு வந்ததும் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவோம். போன மாதம் தம்பி கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான்: "அடுத்த தடவ ஸ்வெட்டரோடவே வாக்கா. அதப் பாத்தா நம்ம ஊருல நிக்கிற மாதிரி இருக்கும்."

இந்த மாதம் நான் கழற்றவில்லை. வேனில் கேட்டவர்களிடம் காரணத்தைச் சொன்னேன். சிறை வாசலில் பெண் காவலர், "இந்த வெயில்ல இது என்னத்துக்கு? கழட்டி வச்சுட்டுப் போங்க" என்றார். எங்கள் வேனில் வந்து என் பின்னால் நின்ற கன்னியாஸ்திரியும் பாஸ்டரும் ஒரே நேரத்தில், "அவுங்களுக்குக் குளிர்காய்ச்சல்ங்க" என்றார்கள். இருவரும் ஒரே குரலில் சொல்லி நான் கேட்டது அந்தப் பொய் ஒன்றைத்தான்.

தம்பி ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அங்க குளுருதாக்கா?"

என் முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"ஆமாப்பா, நடுங்குது" என்றேன்.