பிள்ளை நெசம், ஊர்தான் தப்பு

ஜித்தாவில் என்னோடு நர்ஸாக வேலை பார்க்கும் அமால், கை கொடுப்பதற்கு முன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டுவாள். முதல் நாள், யூனிஃபார்மில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிடுகிறாள் என்று நினைத்து நானும் குனிந்து தோளைப் பார்த்துக்கொண்டேன். சூடான்காரர்கள் வணக்கம் சொல்வதே அப்படித்தானாம். அதற்குப் பிறகு உடம்பு எப்படி, அம்மா எப்படி, அக்கா எப்படி என்று ஒவ்வொருவராக விசாரித்து முடிப்பதற்குள் லிஃப்ட் எங்கள் வார்டுக்கு வந்துவிடும். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் "என்னட்டி, சாப்டியா?" என்பதோடு முடிகிற விஷயம்.

அமாலின் சொந்த ஊர் சூடானின் டார்ஃபூர் பகுதியில் இருக்கிறது. அங்கே போர் வந்ததும் அவள் தங்கை பிள்ளைகளோடு நடந்தே வெளியேறி ஒரு முகாமில் கிடக்கிறாள். தங்கையிடமிருந்து போன் வந்தால்தான் அன்று அமால் ஒழுங்காகச் சாப்பிடுவாள். ஒரு நாள், மருத்துவமனையில் வேலை செய்யும் சூடான்காரர்களின் போன்களில் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு படத்தை எனக்குக் காட்டினாள். அவர்கள் நாட்டுப் பெண்கள் சேலைபோல உடம்பைச் சுற்றிக் கட்டும் துணிக்குத் தோப் என்று பெயர். முகாம் மண்ணில் உட்கார்ந்திருந்த ஒரு தாய், மஞ்சள் தோப்பின் நுனியால் மடியில் இறந்து கிடந்த குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். "உங்கள் ஊரில் எங்கள் போரைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள்?" என்று அமால் கேட்டாள். அப்படி ஒரு போர் நடப்பதே பலருக்குத் தெரியாது என்று வெட்கத்தோடு சொன்னேன். "நல்லதுதான்," என்றாள். "தெரிந்திருந்தால் உங்களுக்குள்ளும் அடித்துக்கொள்வீர்கள்."

விடுமுறைக்கு வந்து ராஜபாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போனபோது, தெருமுனையில் அத்தான் ஆட்களை வைத்து ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். தேர்தல் நேரம். அவர் கட்சி நடத்தும் போர் கண்டனக் கூட்டத்துக்கான பலகை. கண்டனம் சூடானுக்காக அல்ல, டிவியில் தினமும் காட்டுகிற வேறொரு போருக்காக. பலகையில் தலைவரின் சிரித்த முகம் ஆள் உயரத்துக்கு இருந்தது. அதன் கீழே அந்த மஞ்சள் தோப், அந்தக் குழந்தை. நம்ப முடியாமல் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

"அத்தான், இது நீங்க சொல்லுத நாடு இல்ல. இது சூடான். எனக்கு நல்லாத் தெரியும்."

"எந்த நாடா இருந்தா என்ன எஸ்தர்? பாக்கதுக்குப் பாவமா இருக்குல்லா, அம்புட்டுதான் வேணும்." மேலே இருந்த ஆளைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏலே, தலைவர் மொகத்த மரம் மறைக்கு, செத்த தள்ளிக் கட்டு!"

அந்த இன்னொரு நாட்டிலும் குழந்தைகள் சாகத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு படத்தைத் தேடிப் போடக்கூட இவர்களுக்குப் பொறுமை இல்லை.

மறுநாள் காலையில் அத்தான் வெளியே போனதும் செல்லத்துரை அண்ணன் வந்தார். எதிர்த்த வீடு, எதிர்க்கட்சி. ஞாயிற்றுக்கிழமை அத்தானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறவர்கள்.

"அவிய வச்ச படம் டூப்புன்னு சொன்னியாமே?"

"டூப்பு இல்லண்ணே. பிள்ளை நெசம், செத்தது நெசம். ஊர்தான் தப்பு."

"அது போதும்மா," என்று எழுந்து போய்விட்டார். அவர் சட்டைப் பையில் இருந்த போன் என் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் என் குரல் ராஜபாளையம் முழுக்கச் சுற்றியது. 'ஊர்தான் தப்பு' என்ற இரண்டு சொல் மட்டும். கீழே பெரிய எழுத்தில், 'செத்ததாக நாடகம்! பொய்ப் படம் காட்டி ஓட்டுப் பிச்சை!' பிள்ளையை ஒருவர் களவாடினார். மற்றவர் அது பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டார்.

அத்தான் வந்து குதித்தார். "வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே எனக்குக் குழி வெட்டுதியா?" அக்கா அழுதாள். அவள் அழுதது புருஷனின் கட்சிப் பதவிக்காக.

"ரெண்டு கட்சியிலயும் அந்தப் பிள்ளைக்காக ஒரு ஆளாவது அழுதியளா?" என்று கேட்டேன்.

"எலெக்‌ஷன் முடியட்டும். பொறவு அழுதுக்கிடலாம்," என்றார் அத்தான். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதுதான் அவர் பதில்.

பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஞாயிறு ஆராதனையில் அந்தத் தாய்க்காக ஒரு வரி ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்டேன். "இப்ப வேண்டாம்மா. ரெண்டு கட்சி ஆளுகளும் நம்ம சபையில இருக்காக," என்றார் ஆராதனை நடத்தும் போதகர் ஐயர்.

ஜித்தா திரும்பிய வாரம், கேன்டீனில் அமால் என் விடுமுறைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபிளெக்ஸைப் பிடித்த அந்தப் படத்தை நான் அழித்திருக்கவில்லை. அவள் விரல் நின்றது. இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"இவள் எங்கள் பெண்! இது உன் ஊரா?"

"ஆமாம்."

தமிழ் எழுத்துகளை வருடிப் பார்த்தாள். "எங்களுக்காகவா வைத்தார்கள்? இந்தப் பெரியவரா?" என்று தலைவரின் முகத்தைத் தொட்டுக் காட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்த சூடான்காரர்களைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தாள். துப்புரவு செய்பவர்களும் ஆம்புலன்ஸ் டிரைவர்களும் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்தார்கள். உலகத்தில் யாருமே தங்களை நினைக்கவில்லை என்றிருந்தவர்கள். ஊர்ப் பெயரைக் கேட்டார்கள். ராஜபாளையம் என்றேன். நரைத்த தாடி வைத்த டிரைவர் ஒருவர் அந்தப் பெயரைத் தட்டுத் தடுமாறிச் சொல்லிப் பழகிவிட்டு, இரண்டு கைகளையும் ஏந்தி, அந்த ஊரின் பிள்ளைகளை ஆண்டவன் காப்பாற்றட்டும் என்று வேண்டினார். எல்லோரும் ஆமீன் என்றார்கள். பிறகு, நானும் சொல்வதற்காக, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.