அம்மா கரையேறிய நாட்கள்

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பேச வராது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் நின்றபடியே அறிவியல் நடத்திப் பழகிய உடம்பு. இதயத்தின் படம் வரைந்து நான்கு அறைகளுக்கும் பெயர் எழுதச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். ஆனால் எங்கள் அம்மாவின் நெஞ்சு ஏன் அப்படி அடித்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. அதைத் தெரியவிடாமல் செய்தவளும் நான்தான்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோட்டையில் ஆட்சி மாறிவிட்டது, இனி ஏழைகளின் ராஜ்ஜியம் என்று ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவுக்கு ஒலிபெருக்கி மட்டும்தான் வந்தது. நிலமெல்லாம் மாயவரத்தில் இருந்த மிராசுதாருடையது. அவருக்குப் பதிலாக வரப்பில் குடை பிடித்து நிற்பவர் காரியக்காரர். எங்கள் பக்கம் செங்கொடிச் சங்கம் இருந்தது. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, சங்கத்தில் முக்கியமான ஆள். குறைந்தபட்சம் அவர் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

நடவு வரிசையில் வரப்போரம் முதல் ஆளாக அம்மா நிற்பாள். அவள் பாட்டெடுத்தால் மற்ற பதினோரு பெண்களும் வாங்கிப் பாடுவார்கள். அவள் ஓரடி பின்னால் வைத்தால் எல்லாரும் ஓரடி வைப்பார்கள். முந்தின வருஷம் ஒருத்தி தனியாக வரப்பில் ஏறிக் கூலி கேட்டாள் என்று மறுநாளிலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. அதனால் சங்கம் ஒரு கட்டுப்பாடு போட்டது. யாரும் தனியாகக் கரையேறக் கூடாது. முதல் ஆள் ஏறினால் அத்தனை பேரும் ஏறிவிட வேண்டும். பதினோரு பெண்களும் அம்மாவின் முதுகைப் பார்த்தபடிதான் நட்டார்கள்.

அந்தக் குறுவை நடவில் கஞ்சி கொண்டு போன நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வயது எனக்கு. அம்மா பாட்டின் நடுவில் நிறுத்தினாள். கையிலிருந்த நாற்று முடி நழுவித் தண்ணீரில் விழுந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, தட்டுத் தடுமாறி வரப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை, கை வெடவெடவென்று ஆடியது. திரும்பிப் பார்த்தால் பதினோரு பேரும் சேற்றுக் காலோடு வரப்பில் நிற்கிறார்கள்.

காரியக்காரர் ஆடிப்போனார். "ஏண்டி, நாத்து வெயில்ல கெடக்கு, என்னடி வேணும் ஒங்களுக்கு?" என்றார். இந்தக் கேள்விக்காகவே மாமா ஆறு மாதமாகக் காத்திருந்தவர். வெறும் வாயை மெல்கிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி, கூலி நெல்லைக் கூட்டித் தரணும் என்று எங்கிருந்தோ ஓடிவந்து சொன்னார். பறித்த நாற்று வாடினால் நஷ்டம் மிராசுதாருக்கு. மாயவரத்துக்கு சைக்கிளில் ஆள் போய்த் திரும்பியது. வெயில் சாய்வதற்குள் சம்மதம் வந்துவிட்டது. அதற்குள் அம்மாவும் ஒன்றும் நடக்காதவள் மாதிரி எழுந்து நின்றாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். காக்கைக்கு மாலை போட்டார்கள்.

வீட்டில் அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "செத்துட்டேன்னே நெனச்சேங்க. மூச்சு முட்டிக்கிட்டு, கையெல்லாம் மரத்து, இதோட முடிஞ்சுதுன்னு." மாமா பக்கத்தில் இருந்தார். "தங்கச்சி, இத வெளியில சொல்லிடாத. கூலியக் கூட்டுனவன் கொறைச்சிடுவான்" என்றார். என்னையும் பார்த்து விரலை ஆட்டினார். யார் கேட்டாலும் அம்மா கூலிக்காகத்தான் கரையேறினாள் என்று சொல்ல வேண்டும். எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. அம்மா எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. தோழிகளிடம் நெஞ்சைப் பிடித்து நடித்துக்கூடக் காட்டினேன்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் வந்தது. இந்தத் தடவை கேட்க ஒன்றுமில்லை. மாமா தலையைச் சொறிந்து, குடிக்க நல்ல தண்ணீர்ப் பானை வேண்டும் என்றார். கிடைத்தது. மூன்றாவது தடவை, கைக்குழந்தைகளுக்குத் தூளி கட்ட வரப்பில் கீற்றுப் பந்தல் வேண்டும் என்றார். அதுவும் கிடைத்தது. நான்காவது தடவை காரியக்காரர் குடையை மடக்கினார். இனி ஒரு தரம் கரையேறினால் வெளியூர் ஆட்களை இறக்கிவிடுவேன், ஒருத்திக்கும் இங்கே வேலை கிடையாது என்றார். பதினோரு பெண்களும் அம்மாவைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டு உலையும் அம்மாவின் நெஞ்சில்தான் கொதித்தது என்று இப்போது புரிகிறது.

அதன் பிறகு அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்திருப்பாள், வாசலுக்குப் போவாள், திரும்புவாள், தண்ணீர் குடிப்பாள், மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பாள். சந்தைக்குப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவாள். தனியாக பஸ்ஸில் ஏறுவதில்லை. "எப்ப வரும்னு தெரியலடி, அதான் பயமா இருக்கு" என்பாள். எது வரும் என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது. காற்றுக் கருப்பு என்றார்கள். நாகூருக்குக் கூட்டிப்போய் ஓதிக் கயிறு கட்டிவந்தோம். கயிறு கட்டிய கை ஒரு வாரம் நடுங்காமல் இருந்தது, பிறகு கயிறோடு சேர்ந்து நடுங்கியது.

கடைசியில் அப்பா அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் அம்மா பயப்படாமல் இருக்கப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டுமே, நானும் போனேன். என் விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்திருந்தாள். டாக்டர் வயதானவர், பொறுமையானவர். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், ஈசிஜி எடுத்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அவர் செய்ததை எங்களுக்கு அதுவரை யாரும் செய்ததில்லை. உட்காரச் சொன்னார்.

"இதயம் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா நீங்க சொல்றது பொய் இல்ல. எனக்குத் தெரிஞ்சு இன்னும் ரெண்டு பேர் இப்படி வந்திருக்காங்க. தஞ்சாவூர்ல மனசு சம்பந்தமாப் பாக்குற டாக்டர் ஒருத்தர் இருக்கார். லெட்டர் எழுதித் தரேன், கண்டிப்பாப் போங்க" என்று பேனாவைத் திறந்தார்.

மனசு என்ற வார்த்தை என் காதில் பைத்தியம் என்று விழுந்தது. எங்கள் ஊரில் ஒருவரைச் சங்கிலி போட்டு மாட்டுக் கொட்டகையில் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவையும் கட்டிவிடுவார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், அம்மா சேலை நுனியைத் திருகினாள். நான்தான் காப்பாற்ற வேண்டும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அம்மா.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லங்க ஐயா. கூலி கூட்டிக் கேக்கத்தான் அப்படிச் செய்வாங்க. எங்க மாமாவே சொல்லிருக்காரு" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் என் தலையில் கையை வைத்தாள். டாக்டர் சிரித்துவிட்டார். "கெட்டிக்காரங்கம்மா நீங்க" என்று பேனாவை மூடி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம் எழுதப்படவே இல்லை.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து, தஞ்சாவூரில் ஒரு மனநல டாக்டரிடம் நானே அம்மாவை அழைத்துப் போனேன். அதற்கு முந்தின வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. அங்கே கேட்பதற்குக் கூலி இல்லையே. ரத்தம், இதயம், தைராய்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார். பேனிக் டிஸார்டர். பீதி உச்சத்துக்குப் போகும், கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும், உயிரை எடுக்காது, ஆனால் மறுபடி வருமோ என்ற பயம்தான் மனுஷியை வீட்டுக்குள் பூட்டிவிடும் என்றார். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். பயப்படுகிற இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழக ஒரு பெண் வாராவாரம் உட்கார்ந்து பேசிச் சொல்லிக் கொடுத்தாள். ஏழெட்டு மாதத்தில் அம்மா தனியாக பஸ் ஏறி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் நாள் டாக்டர் கேட்டார், இத்தனை வருஷம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று. "நடவுக்கு நடவு வரும் சார். நான் ஏறுனா எல்லாரும் ஏறிடுவாங்க, வேலை போயிடும். அதனால ஏறாம நின்னுக்குவேன்" என்றாள் அம்மா. டவுன் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நான் சொன்னதை ஏன் மறுக்கவில்லை என்று வெளியே வந்து கேட்டேன். "நாற்காலியில ஒக்காந்திருக்கிறவங்க முன்னால நம்ம வீட்டுல மொதமொத வாயத் தொறந்து பேசுனவ நீதான். அதப் பொய்யின்னு நானே சொல்லணுமா?" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அந்த வருஷம் சம்பா நடவுக்கும் நான்தான் கஞ்சி கொண்டுபோனேன். வரிசை பாடிக்கொண்டே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அம்மா மட்டும் குனிந்தபடி அசையாமல் நின்றாள், முழங்கால் வரை சேறு, கையில் நாற்று முடி. அவள் பாதியில் விட்ட பாட்டை யாரோ எடுத்துக்கொண்டார்கள். நான் வரப்பிலிருந்து கையை ஆட்டினேன். அவள் மெல்ல நிமிர்ந்து, நாற்றைப் பிடித்த கையை உயர்த்தி ஆட்டினாள். நாற்று நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று என்று நினைத்தேன். அம்மா இப்போதெல்லாம் கரையேறுவதே இல்லை, சத்து மாத்திரையில் பயமும் போய்விட்டது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு, கஞ்சிக் கலயத்தோடு வரப்பில் ஓடினேன்.